ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும்: டிஸ்க்கைப் பிரிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியது. அதில் வந்த பல மெஷின்களை ஆன் செய்தால் முதலில் ஒரு கறுப்புத் திரை வரும். விண்டோஸ் என்று ஒரு வரி, பாஸ் லினக்ஸ் என்று இன்னொரு வரி. டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்த பாஸை யாரும் பெரிதாகத் திறந்து பார்க்கவில்லை. நேராக விண்டோஸுக்குள் போய்விடுவார்கள். ஆனாலும் ஒரே டிஸ்க்கில் இரண்டு இயங்குதளங்கள் இருக்கலாம் என்பதைக் கீழக்கரையிலும் தொண்டியிலும் பிளஸ் டூ படித்த பிள்ளைகள் அப்போதே கண்ணால் பார்த்தாயிற்று.

இப்போது அதே பேச்சு வேறு காரணத்துக்காகத் திரும்ப வருகிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறை புராசஸராவது இருக்க வேண்டும். அதற்கு முந்தைய மெஷின்கள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும். ஆனால் விண்டோஸை அடியோடு எடுத்துவிட எல்லோராலும் முடியாது.

பாம்பனில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவின் நிலைமை அதுதான். கடைக் கணக்கு டேலியில் இருக்கிறது, டேலிக்கு விண்டோஸ் வேண்டும். மகள் ராமநாதபுரத்தில் கல்லூரி படிக்கிறாள், அவளுடைய லேப் வேலைக்கு லினக்ஸ் வேண்டும். வீட்டில் லேப்டாப் ஒன்றுதான். அக்கா கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, பிரிக்கிறேன் பிரிக்கிறேங்கிறியே, என் கணக்கு போயிராதுல்ல?"

இதற்கு "போகாது" என்று சொல்வதும் தப்பு, "போயிரும்" என்று பயமுறுத்துவதும் தப்பு. பார்ட்டிஷன் போடுவது, அதாவது டிஸ்க்கைத் துண்டுகளாகப் பிரிப்பது என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் வேலைக்குள் இரண்டு தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று டேட்டாவைத் தொடவே தொடாது. இன்னொன்று தொடும். எது எது என்று தெரிந்துகொண்டால் பயப்பட வேண்டிய இடத்தில் மட்டும் பயப்படலாம்.

உச்சிப்புளிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பை அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். சர்வே எண் உட்பிரிவு ஆகிறது. அந்த நிமிடம் தோப்பில் ஒரு மரம்கூட அசைவதில்லை. மாறுவது ஏட்டில் இருக்கும் எழுத்துதான். ஆனால் தம்பிக்கு ஒதுக்கிய பக்கத்தில் அண்ணன் நட்ட கன்றுகள் நின்றால், அவற்றைப் பிடுங்கி இந்தப் பக்கம் நட்ட பிறகுதான் கோடு கிழிக்க முடியும். சிக்கல் வந்தால் அந்தப் பிடுங்கி நடும் வேலையில்தான் வரும். டிஸ்க்கிலும் அப்படியே. பார்ட்டிஷன் டேபிள் என்பது ஏடு. ஏற்கெனவே இருக்கும் சி டிரைவைச் சுருக்குவது கன்றைப் பிடுங்கி நடுவது.

அந்த ஏடு எவ்வளவு சின்னது என்பதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. டிஸ்க் முழுவதும் செக்டார் என்ற சின்னச் சின்னக் கட்டங்களாக எண்ணப்படுகிறது. முதல் செக்டார் 512 பைட். பழைய முறையான எம்.பி.ஆரில், அந்த 512 பைட்டுக்குள் வெறும் 64 பைட்தான் பார்ட்டிஷன் டேபிளுக்கு. ஒரு பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை என்று எழுத 16 பைட். 64-ஐ 16-ஆல் வகுத்தால் 4. எம்.பி.ஆர். டிஸ்க்கில் நாலு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் போட முடியாது என்பதற்குக் காரணம் அவ்வளவுதான், எழுத இடம் இல்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால் நாலில் ஒன்றை 'எக்ஸ்டெண்டட்' ஆக்கி அதற்குள் துண்டு போட வேண்டும். நாலு இடம் என்பது 1983-ல் பி.சி. டாஸ் 2.0 காலத்தில் வந்த ஏற்பாடு. அன்றைக்கு அதுவே தாராளம். செக்டார் எண்ணை 32 பிட்டில் எழுதுவதால் 2 டெராபைட்டுக்கு மேல் அதனால் எண்ணவும் முடியாது.

இப்போது வரும் மெஷின்களில் இருப்பது ஜி.பி.டி. என்னும் புதிய முறை. வழக்கமாக 128 பார்ட்டிஷன் வரை எழுத இடம் உண்டு. அதைவிட நல்ல விஷயம், அந்த ஏட்டின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்கும். முன்பக்கம் கெட்டாலும் பின்பக்கத்தை வைத்து மீட்கலாம்.

உங்கள் டிஸ்க் எந்த வகை என்று முதலில் பாருங்கள். விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' வரும். கீழே 'டிஸ்க் 0' என்று இருப்பதில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், வால்யூம்ஸ் என்று போனால் எம்.பி.ஆரா ஜி.பி.டியா என்று எழுதியிருக்கும். பழைய எம்.பி.ஆர். மெஷினில் கம்பெனிக்காரர்களே நாலு பிரைமரியையும் தின்று வைத்திருப்பது சகஜம்: ஒன்று சிஸ்டம் ரிசர்வ்டு, ஒன்று சி, ஒன்று ரெக்கவரி, ஒன்று அவர்களுடைய டூல்ஸ். ஐந்தாவது போடப் போனால், 'டைனமிக் டிஸ்க்' ஆக மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். சரி என்று அமுக்கிவிடாதீர்கள். அதற்குப் பிறகு லினக்ஸ் இன்ஸ்டாலர் அந்த டிஸ்க்கில் இடம் பிடிக்கத் திணறும், திரும்பி வருவதும் லேசில்லை.

டேபிளில் இருந்து ஒரு பார்ட்டிஷனை அழித்தால் அந்தப் பதிவுதான் போகிறது, உள்ளே இருந்த டேட்டா டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். அதன் மேல் வேறு எதுவும் எழுதாதவரை டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவசக் கருவிகள் தேடி எடுத்துவிட வாய்ப்பு உண்டு. எஸ்.எஸ்.டி.யில் இந்த நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 'டிரிம்' என்ற கட்டளை, காலியான இடத்தை உண்மையிலேயே துடைத்துவிடும்.

இனி அக்காவின் லேப்டாப்பையே திறந்து பார்க்கலாம். 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. என்று பில்லில் இருக்கிறது, விண்டோஸ் 476 ஜி.பி. என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி ஒரு ஜி.பி. என்றால் நூறு கோடி பைட் என்று எண்ணுகிறது. விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது. அந்தக் கணக்கு வித்தியாசம்தான் காணாமல் போன 36 ஜி.பி.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டின் கீழ்ப்பாதியில் அந்த டிஸ்க் ஒரு நீளப் பட்டையாகத் தெரியும். இடது ஓரத்தில் 100 எம்.பி.யில் ஒரு சின்னக் கட்டம், 'ஈ.எஃப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன்'. நடுவில் பெரிய கட்டம், சி. வலது ஓரத்தில் சில நூறு எம்.பி.யில் ரெக்கவரி. இவை போக 16 எம்.பி.யில் மைக்ரோசாஃப்ட் ஒதுக்கிய துண்டு ஒன்று இருக்கும், இந்தத் திரை அதைக் காட்டாது.

அந்த 100 எம்.பி. கட்டத்தை யாரும் மதிப்பதில்லை, ஆனால் மெஷின் உயிர்ப்பதே அதில்தான். ஃபேட்32 முறையில் இருக்கும் அதை, பவர் பட்டனை அமுக்கியதும் மதர்போர்டில் உள்ள யூ.இ.எஃப்.ஐ. மென்பொருள் படிக்கும். உள்ளே மைக்ரோசாஃப்ட் என்று ஒரு ஃபோல்டர். உபுண்டு என்னும் லினக்ஸ் வகையைப் போட்ட பிறகு உபுண்டு என்று இன்னொரு ஃபோல்டர் பக்கத்தில் வந்து உட்காரும். எந்த ஃபோல்டரில் உள்ள பூட் புரோகிராமை, அதாவது இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் புரோகிராமை, முதலில் கூப்பிடுவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவில் இருக்கும். இரண்டு இயங்குதளம் என்பது பூட் ஆகும் நேரத்தில் இவ்வளவுதான்: இரண்டு ஃபோல்டர், ஒரு வரிசை. இடம் பத்தவில்லை என்று இந்தக் கட்டத்தை அழித்து சி-யோடு சேர்த்தவர்களின் லேப்டாப் மறுநாள் பூட் ஆகாது. அதில் கை வைக்க வேண்டாம்.

அடுத்து, எவ்வளவு இடம் ஒதுக்குவது? உபுண்டு குறைந்தது 25 ஜி.பி. கேட்கிறது. லினக்ஸ் மின்ட் 20 ஜி.பி. போதும் என்று சொல்லிவிட்டு, வசதியாக இருக்க 100 ஜி.பி. என்கிறது. படிக்கிற பிள்ளைக்கு 80 ஜி.பி. தாராளம். சி-யிலிருந்து 200 ஜி.பி. எடுத்தால், 80 லினக்ஸுக்கு, 120-ல் பொதுவான டி டிரைவ் ஒன்று. சி-யில் சுமார் 275 மிச்சம், டேலிக்கு அதுவே அதிகம்.

பொதுவான டி எதற்கு என்றால், விண்டோஸ் ஃபைல்களை வைக்கும் என்.டி.எஃப்.எஸ். முறையை லினக்ஸ் படிக்கும், எழுதும். விண்டோஸுக்கோ லினக்ஸின் இ.எக்ஸ்.டி.4 புரியாது, அந்தப் பார்ட்டிஷனைப் பார்த்தால் 'ஃபார்மேட் செய்யட்டுமா' என்றுகூடக் கேட்கும். அந்தக் கேள்விக்கு எப்போதும் 'கேன்சல்'தான். ஆகவே இரண்டு பக்கமும் வேண்டிய போட்டோ, பாடக் குறிப்பு எல்லாம் என்.டி.எஃப்.எஸ்.-ல் உள்ள டி-யில் இருக்கட்டும். லினக்ஸுக்குள் 'ஹோம்'க்கு (சொந்த ஃபைல்கள்) ஒன்று, 'ஸ்வாப்'புக்கு (ரேம் பத்தாதபோது உதவும் இடம்) ஒன்று என்று துண்டு துண்டாகப் போடச் சொல்லும் பழைய குறிப்புகள் நிறைய உண்டு. தொடக்கத்தில் தேவையில்லை. உபுண்டு பல வருடமாகவே ஸ்வாப்பை ஒரு ஃபைலாக வைத்துக்கொள்கிறது. எல்லாம் அடங்கிய ஒரே 'ரூட்' பார்ட்டிஷன் போதும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "டி-யில் காப்பி எடுத்து வச்சிருக்கேன், பயமில்லை" என்று நம் ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். சி-யும் டி-யும் ஒரே டிஸ்க். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். பேக்கப் என்றால் வேறொரு டிஸ்க்கில், வேறொரு பென் டிரைவில் இருக்க வேண்டும். நம் கடற்கரையில் உப்புக் காற்று யு.எஸ்.பி. போர்ட்டைத் துருப்பிடிக்க வைக்கிறது, அதனால் காப்பி எடுத்ததும் அந்தப் பென் டிரைவை வேறொரு மெஷினில் செருகி, ஃபைல் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அக்காவுக்கு டேலியிலேயே பேக்கப் எடுத்து, அதை இன்னொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, கடைசி வவுச்சர் வரை வருகிறதா என்று காட்டிய பிறகுதான் மற்ற வேலை.

சுருக்கும் வேலை

இதுதான் கன்று பிடுங்கும் கட்டம், நிதானம் இங்கேதான் வேண்டும். சி-யின் கடைசிப் பகுதியில் கிடக்கும் ஃபைல்களை விண்டோஸ் முன்பக்கம் நகர்த்திவிட்டு, அதன் பிறகு எல்லையைக் குறைக்கிறது. நகர்த்திக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், லேப்டாப் பேட்டரியும் செத்துக் கிடந்தால், பாதி நகர்ந்த நிலையில் நின்றுவிடும். சார்ஜர் இல்லாமல் பேட்டரி ஒரு மணி நேரமாவது தாங்குகிறதா என்று முன்னாலேயே சோதியுங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிற நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். கடைக் கணக்கு ஓடாத நாளாகப் பார்ப்பது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம், கல்லூரி விடுமுறையும் ஏறக்குறைய அப்போதே வரும்.

தொடங்குமுன் இரண்டு பூட்டைத் திறக்க வேண்டும். முதலாவது பிட்லாக்கர், டிஸ்க்கில் உள்ளதைச் சங்கேதமாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. இப்போது வரும் விண்டோஸ் 11 மெஷின்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. பூட் ஆகும் விதம் மாறினால் அது 48 இலக்க ரெக்கவரி எண்ணைக் கேட்கும். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கின் பாஸ்வேர்டு யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாவது 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுசாக அணைவதில்லை. தன் நிலையின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் உள்ளே வந்து சி-யில் எழுதினால், விண்டோஸ் விழிக்கும்போது தான் விட்டுப்போன நிலைக்கும் டிஸ்க்குக்கும் பொருந்தாமல் ஃபைல்கள் கெடும். இதனால்தான் லினக்ஸ் பெரும்பாலும் அப்படிப்பட்ட பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். 'டி டிரைவில் காப்பி ஆகல' என்று வரும் புகார்களில் நிறைய இதுதான். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் இதன் டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டு இயங்குதளம் இருக்கும்வரை அது அணைந்தே இருக்கட்டும்.

இப்போது சி-யில் ரைட் கிளிக், 'ஷ்ரிங்க் வால்யூம்'. எவ்வளவு என்று எம்.பி.யில் கேட்கும். 200 ஜி.பி. என்றால் 200-ஐ 1024-ஆல் பெருக்கி 204800. சில மெஷினில் 300 ஜி.பி. காலியாக இருந்தும், 90 ஜி.பி.தான் சுருக்க முடியும் என்று சொல்லும். ஹைபர்னேஷன் ஃபைல், பேஜ் ஃபைல், ரீஸ்டோர் பாயின்ட் போன்றவை நடுவில் எங்கோ உட்கார்ந்திருக்கும், விண்டோஸ் ஓடும்போது அவற்றை நகர்த்த முடியாது. மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயன்றால் பெரும்பாலும் எண் கூடும். சுருக்கி முடித்த பிறகு திரும்ப ஆன் செய்துகொள்ளலாம், ஹைபர்னேஷனைத் தவிர.

சி-யை விண்டோஸை வைத்தே சுருக்குங்கள். லினக்ஸில் பார்ட்டிஷன் வேலைக்கு உள்ள ஜிபார்ட்டட் அருமையான கருவி, ஆனால் விண்டோஸின் சொந்த வீட்டை விண்டோஸே ஒதுக்கித் தரட்டும். இன்னொன்று, எப்போதும் வலது ஓரத்திலிருந்து சுருக்க வேண்டும். ஒரு பார்ட்டிஷனின் இடது எல்லையை நகர்த்தினால் உள்ளே உள்ள மொத்த டேட்டாவும் இடம் பெயர வேண்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அது மணிக்கணக்கில் இழுக்கும்.

சுருக்கியதும் சி-க்கும் ரெக்கவரிக்கும் நடுவே 'அன்அலொகேட்டட்' என்று கறுப்புப் பட்டை போட்ட இடம் வரும். அதில் 120 ஜி.பி.யை (122880 எம்.பி.) டி ஆக ஃபார்மேட் செய்துவிட்டு, 80-ஐ அப்படியே வெறுமையாக விடுங்கள். லினக்ஸ் அதை எடுத்துக்கொள்ளும்.

லினக்ஸ் ஏறும் கட்டம்

விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. தலைகீழாகப் போட்டால் விண்டோஸ் தன்னை வரிசையில் முன்னால் வைத்துக்கொள்ளும். லினக்ஸ் உள்ளேதான் இருக்கும், ஆனால் கூப்பிட ஆளிருக்காது.

லினக்ஸ் இன்ஸ்டாலர் ஏற்றிய பென் டிரைவிலிருந்து பூட் செய்து, உடனே இன்ஸ்டால் செய்யாமல் லைவாக ஓடவிடுங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, டச்பேட் வேலை செய்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறாது. இந்தக் கட்டத்தில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால், பெரும்பாலும் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ்) ஸ்டோரேஜ் 'ரெய்டு' அல்லது இன்டெல் வி.எம்.டி. என்ற முறையில் இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சட்டென்று மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகும். விவரம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை.

இன்ஸ்டாலர் கடைசியில் சில வழிகளைக் கொடுக்கும். விண்டோஸ் பக்கத்திலேயே போடு என்பது ஒன்று. நானே பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுக்கிறேன் என்பது ஒன்று. 'எரேஸ் டிஸ்க்' என்பது ஒன்று. இந்த மொத்த வேலையிலும் அக்காவின் கணக்கை ஒரே கிளிக்கில் காலி செய்யக்கூடிய பட்டன் அந்த மூன்றாவதுதான். நானே தேர்ந்தெடுக்கிறேன் என்று போய், 80 ஜி.பி. வெற்றிடத்தைத் தேர்ந்து, இ.எக்ஸ்.டி.4, மவுண்ட் பாயின்ட் சாய்கோடு (/, அதாவது ரூட்) என்று கொடுங்கள். லினக்ஸ் சி, டி என்று பெயர் சொல்லாது, அதனால் ஜி.பி. அளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள். சி-யும் டி-யும் வேறு வேறு அளவில் இருந்தால் இந்த இடத்தில் குழப்பம் வராது.

முடிந்து ரீஸ்டார்ட் ஆனால், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் க்ரப் என்னும் மெனு வரும். விண்டோஸ் அதில் இல்லாவிட்டாலும் பதற வேண்டாம். ஆன் செய்ததும் பூட் மெனு கீயைத் தட்டினால் (டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்.பி.யில் எஃப்9) மதர்போர்டே இரண்டையும் காட்டும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் காணாமல் போனதுபோல் தெரிந்தாலும் அதே கீதான். எப்போதாவது விவகாரம் பெரிதாவதும் உண்டு: 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஒன்று, செக்யூர் பூட் (நம்பகமான பூட் புரோகிராமை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) ஆனில் இருந்த பல இரட்டை பூட் மெஷின்களில் லினக்ஸைத் தொடங்கவிடாமல் செய்தது.

கடிகாரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது, உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. நமக்கு வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். மகள் ராத்திரி லினக்ஸில் படித்துவிட்டுப் படுக்கிறாள். அதிகாலை 4 மணிக்கு ஏலத்துக்குப் போகுமுன் அக்கா விண்டோஸைத் திறந்தால், முந்தின நாள் ராத்திரி 10.30 என்று காட்டும். அப்போது அடித்த பில்லில் நேற்றைய தேதி விழுந்தால் வியாபாரத்தில் வம்பு. நெட் இருந்தால் விண்டோஸ் கொஞ்ச நேரத்தில் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் லினக்ஸையே உள்ளூர் நேரத்தைப் பின்பற்றச் சொல்லிவிடுவது நிரந்தரத் தீர்வு. அதற்கு ஒரே வரிக் கட்டளை போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லோருக்கும் இது வேண்டுமா என்று கேட்டால் என் பதில் இல்லை. முதலாம் ஆண்டு பிள்ளைக்குக் கட்டளைகள் பழகவும் சி, பைத்தான் எழுதவும்தான் லினக்ஸ் என்றால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். போதும். 8 ஜி.பி. ரேம் இருந்தால், மெஷினுக்குள் இன்னொரு மெஷின்போல லினக்ஸை ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸும் ஓடும். மெஷினில் இரண்டாவது டிஸ்க் மாட்ட இடம் இருந்தால், சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி லினக்ஸை அதில் தனியாகப் போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. சி-யைச் சுருக்கவே வேண்டாம். பழைய மெஷினில் வேகமும் வேண்டும், விண்டோஸும் வேண்டும், டிஸ்க் ஒன்றுதான் என்கிறவர்களுக்குத்தான் மேலே சொன்ன பாடெல்லாம்.

பிறகு எப்போதாவது லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால், முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை வரிசையில் முன்னால் கொண்டுவந்து, விண்டோஸ் நேராகப் பூட் ஆவதை உறுதி செய்யுங்கள். அதற்குப் பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த 80 ஜி.பி.யை அழிக்கலாம். வரிசை மாறி, முதலிலேயே அழித்தால் க்ரப் தன் ஃபைல்களைத் தேடிக் கிடைக்காமல் 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற கறுப்புத் திரையில் நிற்கும். அப்போதும் எஃப்12 தட்டி விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் போதும், உள்ளே டேலி இருந்தபடியே இருக்கும். காலியான இடத்தைப் பக்கத்தில் இருக்கும் பார்ட்டிஷனோடுதான் 'எக்ஸ்டெண்ட்' செய்ய முடியும், வலப்பக்கம் ஒட்டியிருந்தால் மட்டும். நம் கணக்கில் அது டி-க்குப் பக்கத்தில் இருப்பதால் டி-யோடு சேரும். சி-யோடு நேரடியாகச் சேராது.